கண்ணாடியைக் கழற்ற 47,040 ரூபாய்: கோவையில் செய்துகொண்ட பி.ஆர்.கே. லேசர், ஏழு மாதம் கழித்து

ஏழாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சிலிருந்தே கரும்பலகை கலங்கலாகத் தெரிய ஆரம்பித்தபோது முதல் கண்ணாடி போட்டேன். போன பிப்ரவரியில், 28 வயதில், கழற்றினேன். நடுவில் பதினாறு வருடம். காலையில் கண் திறந்ததும் தலைமாட்டில் கைவிட்டுத் துழாவுகிற பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை, நேற்றுகூடத் துழாவினேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். அயர்ன் டேபிள் பக்கம் போனால் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும், வெயில் காலத்தில் வேர்வையில் மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும். காண்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தேன், ஆனால் பஞ்சுத் தூசி பறக்கிற இடத்தில் மதியத்துக்குள் கண் சிவந்துவிடும். அதனால்தான் லேசர் யோசனை வந்தது, அதாவது கருவிழியை லேசரால் சீவிப் பவரைச் சரிசெய்வது; அதில் நான் செய்துகொண்ட வகைக்குப் பெயர்தான் பி.ஆர்.கே. செய்துகொண்டதிலிருந்து கம்பெனியில் யார் என்னிடம் பேசினாலும் முதல் கேள்வி "எவ்வளவு ஆச்சு", இரண்டாவது கேள்வி "எந்த லேசர்". இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் "எந்தெந்த டெஸ்ட் எடுத்தாங்க" என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் என் கண்ணையும், அதைவிட முக்கியமாக என் தம்பியின் கண்ணையும் காப்பாற்றியது அந்த டெஸ்ட்தான். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மருத்துவமனைப் பெயர்களை எழுதவில்லை. ஒரே பெயரில் நாலைந்து ஊரில் கிளை இருக்கிறது, ஒவ்வொரு கிளையிலும் மருத்துவர் வேறு, கருவி வேறு. எனக்கு நடந்தது உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதை எழுதுகிறேன், அது எந்த ஊருக்கும் பொருந்தும்.

பொங்கல் முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு இடத்துக்குப் போனோம். இலவசப் பரிசோதனை. கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிற தம்பியும் கூட வந்தான், அவனுக்கும் பவர் உண்டு, இரண்டு பேருக்கும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்று அம்மாதான் சொன்னார். பவர் பார்க்கிற மிஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள், அப்புறம் எழுத்துப் பலகை, அப்புறம் வட்ட வட்டமாக வெளிச்சம் தெரிகிற இன்னொரு மிஷின். ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கண் பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்து போடவில்லை. முந்தின நாள் ராத்திரி வரை நான் லென்ஸ் போட்டிருந்தேன், அதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. லென்ஸ் போட்டிருந்தால் கருவிழியின் வடிவமே கொஞ்சம் மாறியிருக்கும், அந்த நிலையில் எடுக்கிற அளவை நம்ப முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது, அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "ரெண்டு பேருமே ஃபிட்" என்றார். மிச்சத்தை கவுன்சலர் அறைக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். அங்கே லேமினேட் செய்த விலைப்பட்டியல் இருந்தது (எந்த வகை என்ன என்று பின்னால் சொல்கிறேன்). இரண்டு கண்ணுக்கும் சேர்த்து: பிளேடு வைத்துச் செய்கிற சாதாரண லாசிக் 35,000, ஃபெம்டோ லாசிக் 75,000, கான்டூரா 95,000, ஸ்மைல் 1,15,000, ஸ்மைல் ப்ரோ 1,45,000. "மேடம், கண்ணு விஷயத்துல போய் யாராவது காசு பார்ப்பாங்களா, ஸ்மைலுக்கே போங்க, தம்பிக்கும் சேர்த்துப் பண்ணினா 20,000 குறைச்சுத் தர்றோம், ஆனா இன்னைக்கு அட்வான்ஸ் கட்டணும்" என்றார் அந்தப் பெண். தவணை வசதியும் உண்டு, வியாழக்கிழமையே தேதி இருக்கிறது என்றார். எனக்கு ஆசைதான். போனைக் கையில் எடுத்து 5,000 அனுப்பப் போய்விட்டேன்.

எங்கள் மெர்ச்சண்டைசிங் பிரிவில் ஒரு அக்கா முன்பே லேசர் செய்துகொண்டவர். கருவிழியின் தடிமன் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கேட்காமல் பணம் கட்டாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். கேட்டேன். "நார்மல் மேடம்" என்றார்கள். எண் என்ன என்று கேட்டேன். சாரிடம்தான் கேட்க வேண்டும் என்றார்கள். சரி, ரிப்போர்ட்டின் பிரிண்ட் ஒன்று கொடுங்கள் என்றேன். ஃபைல் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் தருவோம் என்று பதில் வந்தது. என் கண்ணின் அளவை எனக்கே தரமாட்டேன் என்கிறவர்களிடம் கண்ணைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை, எழுந்து வந்துவிட்டோம். அதற்கப்புறம் பத்து நாளைக்கு தினமும் போன் வந்தது.

இரண்டாவது இடம் கோவையில் பழைய மருத்துவமனை ஒன்று. முன்பதிவு செய்யும்போதே போனில் கேட்ட முதல் கேள்வி, லென்ஸ் போடுகிறீர்களா. சாஃப்ட் லென்ஸ் என்றேன். இரண்டு வாரம் போடாமல் இருந்துவிட்டு வாருங்கள், அதற்கு முன்னால் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். கெட்டியான லென்ஸ் போடுகிறவர்கள் இன்னும் அதிக நாள் நிறுத்த வேண்டுமாம். திரும்பி வர வண்டி ஓட்டக் கூடாது, ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார்கள், பாப்பாவை விரித்தால் நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டே இருப்பது எதுவும் சரியாகத் தெரியாது.

பரிசோதனைக்கு மட்டும் ஒரு ஆளுக்கு 2,200 ரூபாய். காலை ஒன்பது மணிக்குப் போனது, வெளியே வரும்போது ஒரு மணி. பவரை மூன்று முறை பார்த்தார்கள்: மிஷினில், லென்ஸ் மாற்றி மாற்றி, பாப்பா விரிந்த பிறகு இன்னொரு தடவை. பழைய கண்ணாடிச் சீட்டுகளைக் கேட்டார்கள். கடந்த ஒரு வருடத்தில் பவர் அரைப் புள்ளிக்கு மேல் மாறியிருந்தால் லேசர் கிடையாது, ஏனென்றால் இன்றைக்குச் சரிசெய்தாலும் நாளைக்கு மறுபடி ஏறும். கண்ணின் கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் வைத்தார்கள், கண்ணீர் எவ்வளவு தூரம் நனைக்கிறது என்று பார்க்க. கண் அழுத்தம், விழித்திரை எல்லாம் பார்த்தார்கள். மைனஸ் பவர் அதிகம் இருப்பவர்களுக்கு விழித்திரை ஓரத்தில் மெலிந்திருக்கவோ ஓட்டை இருக்கவோ வாய்ப்பு உண்டு, அது இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது பென்டாகாம் என்கிற ஸ்கேன். கருவிழியின் முன்பக்கம், பின்பக்கம், ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு தடிமன் என்று வண்ணப் படமாக எடுத்துக் கொடுக்கிறது. நீலமும் பச்சையும் இருந்தால் பயமில்லை, சிவப்பு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத்தான் மருத்துவர் உற்றுப் பார்க்கிறார்.

என் வலது கண் மைனஸ் 4.75, சிலிண்டர் (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் வருகிற பவர்) 0.75. இடது கண் மைனஸ் 5.25, சிலிண்டர் 1.00. கருவிழி வலதில் 498 மைக்ரான், இடதில் 494. பொதுவாக 540-ஐ ஒட்டி இருக்குமாம், என்னுடையது மெலிசு. முதல் இடத்தில் "நார்மல்" என்று சொன்னது இதைத்தான்.

மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார், அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். லேசர் ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான் சீவி எடுக்கும், அதாவது 6.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிசெய்தால். என் இடது கண்ணுக்கு மொத்தம் 6.25 பவர், அதனால் 88 மைக்ரான் போகும். லாசிக் என்றால் அதற்கு மேலே 110 மைக்ரானுக்கு ஒரு மெல்லிய மூடி வெட்ட வேண்டும். 494-இல் 110 போய், 88 போனால் மிச்சம் 296. "சிலர் 250 வரைக்கும் ஒத்துக்குவாங்க. நான் 300-க்குக் கீழ போகமாட்டேங்க. உங்களுக்கு 28 வயசு, இந்தக் கண்ணு இன்னும் அம்பது வருஷம் உழைக்கணும்" என்றார். ஸ்மைல் செய்தால் மேலே 120 மைக்ரானை விட்டுவிட்டு உள்ளே நூறுக்கு மேல் எடுக்க வேண்டியிருக்கும், மிச்சம் 270-ஐ ஒட்டித்தான். பி.ஆர்.கே. என்றால் மூடியே கிடையாது. மேல்தோல் 50 மைக்ரானை நீக்கிவிட்டு நேராக மேற்பரப்பிலேயே சீவுவார்கள், அந்தத் தோல் சில நாளில் தானாக வளர்ந்துவிடும். மிச்சம் 356. வலி அதிகம், பார்வை தெளிய நாளாகும், ஆனால் என் கண்ணுக்கு அதுதான் பாதுகாப்பு என்றார்.

இரண்டு கண்ணுக்கும் 38,000. முதல் இடத்தில் எனக்கு விற்கப் பார்த்ததற்கும் இதற்கும் 77,000 ரூபாய் வித்தியாசம். விலை குறைவாக இருந்தால் தரமும் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய பாடம். பி.ஆர்.கே.தான் இந்த வகையிலேயே மூத்தது, லாசிக் அதற்குப் பின்னால் வந்தது. பழசு என்பதால் மோசம் என்று ஒன்றுமில்லை.

அப்புறம் தம்பியை உள்ளே கூப்பிட்டார். அவனுக்கு வலது மைனஸ் 3, இடது மைனஸ் 4.5, இடதில் சிலிண்டர் மட்டும் 2.25. பென்டாகாம் படத்தில் இடது கண்ணின் கீழ்ப் பாதியில் ஒரு சிவப்புத் திட்டு. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "கண்ணைக் கசக்குவீங்களா தம்பி?" அம்மா உடனே சொல்லிவிட்டார், சின்ன வயதிலிருந்தே அலர்ஜி, ராத்திரியில் முஷ்டியை வைத்துக் கசக்கிக்கொண்டே தூங்குவான் என்று. கெரட்டோகோனஸ், ஆரம்ப நிலை. கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வருகிற நோய். பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளிலும்தான் வரும், கசக்கக் கசக்க மோசமாகும். இப்படிப்பட்ட கண்ணில் லேசர் வைத்து இன்னும் மெலிசாக்கினால் கருவிழி தாங்காது, வேகமாகப் பிதுங்கும், கண்ணாடி போட்டாலும் தெளியாத நிலைக்குப் போய்விடும், சிலருக்குக் கருவிழியையே மாற்ற வேண்டி வரும். "இவருக்கு லேசர் எந்தக் காலத்துலயும் வேண்டாம்" என்று எழுதியே கொடுத்துவிட்டார். அலர்ஜிக்குச் சொட்டு மருந்து, கசக்குவதை இன்றோடு நிறுத்த வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு மருத்துவர் "ரெண்டு பேருமே ஃபிட்" என்று சொன்ன அதே கண். அன்றைக்கு நான் 5,000 அனுப்பியிருந்தால் வியாழக்கிழமை அவன் அந்தப் படுக்கையில் படுத்திருப்பான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் அடிவயிறு கலங்குகிறது. அம்மா அன்று பஸ்ஸில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை, அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

சரி, வகைகளைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு. லாசிக்கில் கருவிழியின் மேல் புத்தக அட்டையைத் திறப்பது மாதிரி ஒரு மூடியை வெட்டித் திருப்பி, அடியில் லேசரால் சீவி, மூடியைத் திரும்பப் படிய வைப்பார்கள். அந்த மூடியை பிளேடில் வெட்டினால் சாதாரண லாசிக், இன்னொரு லேசரால் வெட்டினால் ஃபெம்டோ. மறுநாளே பார்வை வந்துவிடும், வலி குறைவு. ஆனால் மூடி வெட்டும்போது நரம்புகளும் வெட்டுப்படுவதால் கண் வறட்சி அதிகம், பலமாக அடிபட்டால் மூடி நகர்வதற்கும் வாய்ப்பு உண்டு, கபடி, குத்துச்சண்டை ஆடுகிறவர்கள் யோசிக்க வேண்டும். கான்டூரா என்பதும் லாசிக்தான், கருவிழியின் மேடு பள்ளத்தை வரைபடமாக எடுத்து அதற்கேற்பச் சீவுவது. ஸ்மைலில் மூடி கிடையாது, உள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை லேசரால் வெட்டி, 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக உருவி எடுப்பார்கள். ஸ்மைல் ப்ரோ என்பது அதையே புதிய கருவியில் பத்து நொடிக்குள் வெட்டுவது. கருவிழி நல்ல தடிமனாக இருக்கிறவர்களுக்கு ஸ்மைல் நல்ல வழிதான், என் கண்ணுக்குத்தான் அது சரிவரவில்லை. பவர் எட்டு, பத்துக்கு மேல் போனாலோ கருவிழி ரொம்ப மெலிசாக இருந்தாலோ ஐ.சி.எல்., கண்ணுக்குள்ளேயே, கருமணிக்குப் பின்னால் இயற்கை லென்ஸுக்கு முன்னால் ஒரு லென்ஸை வைப்பது. அதற்கு இந்த இடத்தில் சொன்ன விலை இரண்டு கண்ணுக்கும் 1,90,000.

அம்மாவுக்கு பயம், "லேசர்னா சுட்டுப் பொசுக்கிடாதா கண்ணு?" என்று. அவருக்காகத் தேடிப் படித்ததில் ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டது. இந்த லேசர் உயிர்த் திசுவைச் சுடாமல் துல்லியமாகச் செதுக்கும் என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்தபோது, 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை எடுத்துப் போய் எக்சைமர் லேசரை அதன் மேல் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார். வெட்டின இடத்தைச் சுற்றிக் கருகவே இல்லை. 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் சூடாக்கி எரிப்பதில்லை, மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து அந்த மெல்லிய அடுக்கை மட்டும் ஆவியாக்கிவிடுகிறது. இன்றைக்கு லாசிக்கிலும் பி.ஆர்.கே.யிலும் பாய்வது அதே கதிர்தான். நம்மூர்க்காரர் கண்டுபிடித்தது என்று சொன்னதும் அம்மாவுக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது.

ஆபரேஷன் அன்று சென்ட், பவுடர், கண் மை எதுவும் கூடாது, தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள், ஏனென்றால் அடுத்த பத்து நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊசி கிடையாது, மரத்துப்போகிற சொட்டு மருந்து மட்டும்தான். இமையைச் சிமிட்ட முடியாதபடி ஒரு கிளிப் வைத்தார்கள், எனக்கு மொத்தத்திலும் சங்கடமாக இருந்தது அதுதான். மேல்தோலை இளக்குவதற்கு ஒரு திரவத்தைச் சிறிது நேரம் கண்ணில் நிறுத்தி வைத்து, அப்புறம் வழித்து எடுத்தார்கள், வலி இல்லை, ஆனால் பார்வை திடீரென்று புகை மண்டலமாகிவிட்டது. பச்சை விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள் என்றார் மருத்துவர். டக் டக் டக் என்று ஒரு சத்தம், முடி பொசுங்குகிற மாதிரி ஒரு வாசனை. சுடவில்லை என்று தெரிந்திருந்தும் அந்த வாசனையில் நெஞ்சு படபடத்தது. அவர் பக்கத்திலிருந்து "இன்னும் இருபது செகண்ட், நல்லா பார்க்கறீங்க, இன்னும் பத்து" என்று எண்ணிக்கொண்டே இருந்தார், அந்தக் குரல் பெரிய ஆறுதல். கண் கொஞ்சம் அசைந்தாலும் மிஷின் கூடவே நகரும், ரொம்ப விலகினால் தானாக நின்றுவிடும். கடைசியில் தழும்பு விழாமல் இருக்க ஒரு மருந்தைத் தொட்டு எடுத்து, சில்லென்ற தண்ணீரில் கழுவி, பேண்டேஜ் லென்ஸ் ஒன்றை வைத்து முடித்தார்கள். ஒரு கண்ணுக்குப் பத்து நிமிடம் இருக்கும்.

இதற்கப்புறம்தான் கஷ்டம், அதை மறைக்காமல் எழுதுகிறேன். மரத்தது தெளிந்ததும், அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், கண்ணில் மிளகாய்த் தூளைப் போட்டு மணலையும் கொட்டிய மாதிரி இருந்தது. தண்ணீராகக் கொட்டுகிறது. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டறையில் கிடந்தேன், பக்கத்து அறையில் டியூப் லைட் போட்டால்கூடக் கூசியது. இரண்டாம் நாள் ராத்திரி உச்சம். வலி மாத்திரை போட்டால் நாலு மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். தம்பி அலாரம் வைத்துக்கொண்டு மணிக்கு மணி எனக்குச் சொட்டு மருந்து போட்டான். தனக்குச் செய்ய முடியாது என்று தெரிந்த அதே மாதத்தில், முகம் சுளிக்காமல் செய்தான். நான்காம் நாள் காலையில் வலி சட்டென்று இறங்கிவிட்டது. ஐந்தாம் நாள் பேண்டேஜ் லென்ஸை எடுத்தார்கள்.

பார்வை? லாசிக் செய்துகொண்டவர்கள் சொல்கிற "மறுநாள் காலையில் கடிகாரம் பளிச்சென்று தெரிந்தது" என்பதெல்லாம் பி.ஆர்.கே.யில் கிடையாது. ஐந்தாம் நாள் 6/18 (குறையில்லாத பார்வை என்றால் 6/6), எல்லாம் ஒரு மெல்லிய கொசுவலைக்குப் பின்னால் இருக்கிற மாதிரி. இரண்டு வாரத்தில் 6/9. ஒரு மாதத்தில் வலது 6/6, இடது 6/9. மூன்று மாதத்தில் இரண்டும் 6/6. இங்கே எனக்கு இந்த மருத்துவமனை மேல் ஒரு குறை உண்டு: ஒரு வாரத்தில் வேலைக்குப் போகலாம் என்றார்கள். போகலாம்தான், ஆனால் வேலை செய்ய முடியவில்லை. லைட் பாக்ஸில் ஷேட் கார்டை வைத்துப் பார்க்கும்போது இரண்டு நீலத்துக்கும் வித்தியாசம் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது, அதுவரைக்கும் கூட இருந்த பெண்ணை வைத்துத்தான் பாஸ் பண்ணினேன். கண்ணை நம்பிப் பிழைக்கிற வேலையில் இருப்பவர்கள், தையல், நகை வேலை, டிரைவிங், ஒரு மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு குறை, ரிவ்யூவுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் இரண்டரை, மூன்று மணி நேரம் காத்திருப்பு, ஐந்து நிமிடப் பார்வைக்கு.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மூன்று மாதம் போட்டேன். அது சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், அதனால்தான் ஒவ்வொரு ரிவ்யூவிலும் அழுத்தம் பார்க்கிறார்கள், வலி இல்லையே என்று ரிவ்யூவைத் தவிர்த்துவிடாதீர்கள். வெயிலில் கருப்புக் கண்ணாடி இல்லாமல் போகக் கூடாது, புற ஊதாக் கதிர் பட்டால் கருவிழியில் மங்கல் படியும். அவிநாசி ரோட்டில் ராத்திரி எதிரே வருகிற வண்டிகளின் ஹெட்லைட்டைச் சுற்றி ஒளிவட்டம் நாலு மாதம் வரைக்கும் இருந்தது, இப்போது ரொம்பக் குறைவு. வறட்சி இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஏசி அறையிலும் கட்டிங் செக்‌ஷனிலும் அதிகம் தெரியும், ஒரு நாளைக்கு இரண்டு முறை ஈரப்பதச் சொட்டு போட்டுக்கொள்கிறேன்.

என் செலவு முழுக்க இதுதான்: பரிசோதனை 2,200, சிகிச்சை 38,000, முதல் மூன்று மாத மருந்து 2,640, அதற்கப்புறம் வாங்கிய ஈரப்பதச் சொட்டு 1,400, ஆபரேஷன் அன்று போக வர கால் டாக்ஸி 2,800. கூட்டினால் 47,040. ஆறு நாள் சம்பளமில்லா விடுப்பும் ரிவ்யூவுக்குப் போன பஸ் செலவும் இதில் சேரவில்லை. இன்ஷூரன்ஸ் ஒரு பைசா தரவில்லை. பவர் 7.5-க்குக் கீழே இருந்தால் பார்வைக் குறையைச் சரிசெய்கிற செலவு பாலிசியில் சேராது என்று விலக்குப் பட்டியலிலேயே போட்டிருக்கிறது. அதற்கு மேல் பவர் இருப்பவர்கள் கட்டாயம் விண்ணப்பித்துப் பாருங்கள்.

அரசு வேலைக்குப் படிக்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தந்த அறிவிப்பில் மருத்துவத் தகுதியைப் படித்துவிடுங்கள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு லேசர் செய்துகொண்டவர்களை எடுப்பதில்லை, கண்ணாடியைக் கழற்றினால் தகுதி வரும் என்று நினைத்துச் செய்துகொண்டு அங்கே போய் நிற்கக் கூடாது. நாற்பதைத் தொட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம், தூரப் பார்வைக்கு லேசர் செய்தாலும் வெள்ளெழுத்து வரும்போது படிக்கக் கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் செய்யமாட்டார்கள். அப்புறம் அந்த ஃபைல், செய்வதற்கு முன் எடுத்த அளவுகள் எல்லாம் இருக்கிற ஃபைல், அதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பின்னால் வயதாகிக் கண்புரை ஆபரேஷன் செய்யும்போது உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள், லேசர் செய்த கண்ணில் அந்தக் கணக்கு தப்பும், பழைய அளவு கையில் இருந்தால் அப்போதைய மருத்துவருக்கு உதவும்.

எனக்கு இந்த அனுபவம் திருப்தியா என்றால், முழுத் திருப்தி. மழையில் வண்டி ஓட்டுகிறேன். படுத்துக்கொண்டே மின்விசிறியின் இறக்கையில் படிந்த தூசி தெரிகிறது. ஆனால் மதிப்பெண் போடுவதென்றால் லேசர் மிஷினை விட அந்த நாலு மணி நேரப் பரிசோதனைக்கும், வெள்ளைத் தாளில் கணக்குப் போட்ட மருத்துவருக்கும்தான் போடுவேன்.

தம்பிக்கு மூன்று மாத ஸ்கேனில் மாற்றம் இல்லை. போன மாதம் எடுத்ததில் இடது கண்ணின் வளைவு கொஞ்சம் கூடியிருக்கிறது. நோயை இப்போதே நிறுத்திவிடலாம் என்று சி3ஆர் செய்யச் சொல்லியிருக்கிறார் அதே மருத்துவர், வைட்டமின் பி2 சொட்டு விட்டு அதன் மேல் புற ஊதா வெளிச்சம் பாய்ச்சிக் கருவிழியை இறுக்குவது. பவர் குறையாது, கண்ணாடியும் போகாது, நோய் மேலே ஏறாமல் நிற்கும். ஒரு கண்ணுக்கு 24,000. அடுத்த வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். அதிலும் மேல்தோலை வழித்துத்தான் எடுப்பார்கள், அதே பேண்டேஜ் லென்ஸ், அதே மூன்று நாள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜன்னலுக்குப் போர்வையும் எடுத்து வைத்தாயிற்று, இந்த முறை அலாரம் வைத்துக்கொண்டு சொட்டு மருந்து போடுகிற வேலை என்னுடையது.